வாய் மூடிய இரவு

வானொலியில் மூன்று விநாடி மௌனம் விழுந்தாலே எனக்குப் பதறும். அப்படிப்பட்ட நான் பகாங் தாமான் நெகாராவில், கும்பாங் பும்புனில் ஓர் இரவு முழுக்க வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

கோலா தாஹானிலிருந்து படகிலும் பிறகு நடந்தும் போக வேண்டும். பும்புன் என்பது மறைந்திருந்து விலங்கு பார்க்கும் குடில். எதிரே உப்பு மண் திட்டு. மானும் தாப்பிரும் அதைத் தேடி வரும்.

எங்கள் வழிகாட்டி பாக்சிக், இளமையில் தந்தையோடு வேட்டைக்குப் போனவர். "நல்ல வேட்டைக்காரன் முதலில் துப்பாக்கியைத் தொடமாட்டான். தடத்தையும் காற்றையும்தான் பார்ப்பான்" என்றார். ஈர மண்ணில் ஒரு தடம். முன்காலுக்கு நான்கு விரல், பின்காலுக்கு மூன்று. தாப்பிர்! அதை மிதிக்காமல் சுற்றிப் போனோம். வாசனைத் தைலம் பூசக்கூடாது, இருட்டுவதற்குள் குடிலுக்குள் இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை.

நள்ளிரவுக்குப் பின் கறுப்பு வெள்ளையாக ஓர் உருவம் அசைந்தது. நண்பனை எழுப்பக் கை நீட்டினேன். முறுக்குப் பொட்டலம் சரசரத்தது. அவ்வளவுதான், உருவம் காட்டுக்குள் மறைந்தது.

பாக்சிக் திட்டவில்லை. "பாவம், உப்புக்காக எவ்வளவு தூரம் நடந்து வந்ததோ" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

நீங்கள் போனால், முறுக்கை வீட்டிலேயே டப்பாவில் போட்டுக் கொண்டு போங்கள்.