அப்பத்தா வைத்த கைநாட்டு



போன சித்திரையில் எனக்குச் சடங்கு வைத்தார்கள். அதற்கு அப்புறம் நான் ஓடவே இல்லை. எட்டாம் வகுப்பு வரை 200 மீட்டரில் முதல் பரிசு வாங்கியவள், இப்போது விளையாட்டுப் பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருந்தேன்.

இந்த வருடம் குறுவட்டப் போட்டிக்கு 400 மீட்டரில் என் பெயரை டீச்சர் எழுதினார். வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். அம்மாவும் அப்பாவும் திருப்பூரில் வேலை பார்க்கிறார்கள். வீட்டில் அப்பத்தா மட்டும்தான். "வயசுக்கு வந்த புள்ளைக்கு ஓட்டம் என்னடி ஓட்டம்? பொம்பள உடம்பு தாங்காது" என்று சொல்லி, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "உங்க அப்பத்தா மட்டுமா சொன்னாங்க? உலகமே அப்படித்தான் சொல்லுச்சு" என்றார். 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் பெண்களே கிடையாதாம். 1928இல்தான் பெண்களை ஓட விட்டார்கள். 800 மீட்டர் ஓடிய சிலர் களைத்துப் போனதைப் பார்த்து, "பெண் உடம்பு தாங்காது" என்று அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். திரும்ப வைத்தது 1960இல். பெண்களுக்கு 400 மீட்டர் வந்ததே 1964இல், டோக்கியோவில்தான்!

அதே டோக்கியோவில் 2021இல் ஓடியவர் யார் தெரியுமா? நம்ம மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணி அக்கா. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்திய அணிக்காக ஓடினார். சின்ன வயதிலேயே அப்பா அம்மா இரண்டு பேரையும் இழந்தவர். ஷூ இல்லாமல் வெறுங்காலில் ஓடிப் பழகியவர். அவரையும் தங்கையையும் வளர்த்தது பாட்டி ஆரம்மாள்தான். பேத்திகளை வேலைக்கு அனுப்பச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். பாட்டி கேட்கவில்லை, படிக்க அனுப்பினார். ஓட்டத்துக்கு முதலில் அவரும் தயங்கினார். பயிற்சியாளர் கண்ணன் எடுத்துச் சொன்ன பிறகு சம்மதித்தார்.

இதை அன்றைக்குச் சாயங்காலம் அப்பத்தாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டது.

"அந்தக் கெழவி என்ன வேலை பாத்துச்சாம்?"

"காட்டு வேலை, செங்கல் சூளை வேலை அப்பத்தா."

அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அதுவும் 20 வருடம் சூளையில் கல் சுமந்ததுதான். நான் மெதுவாகக் கேட்டேன், "அப்போ உன் உடம்பு மட்டும் எப்படித் தாங்குச்சு?"

முறைத்தது. அப்புறம், "அந்தத் தாளை எடுத்தா" என்றது. கைநாட்டு வைத்துவிட்டு, "இருட்டுறதுக்குள்ள வந்துரணும்" என்றது.

போட்டியில் நான் நான்காவதாக வந்தேன். பரிசு இல்லை. ரேவதி அக்கா அணியும் டோக்கியோவில் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. ஆனாலும் ஊரே அவரைத் தெரிந்து வைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா கேட்டது, "உனக்குப் பின்னாடி எத்தனை பேரு வந்தாக?" "நாலு பேர்" என்றேன். பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தது!

தோழிகளே, வேப்பமரத்தடியில் இன்னும் 6 பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதில் 2 பேர் என்னை விட வேகமாக ஓடியவர்கள். எழுந்து வாருங்கள். வீட்டில் மறுத்தால் சொல்லுங்கள், அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி