அப்பா கொஞ்சம் வெளியில் இருக்கட்டும்

கல்யாணத்துக்கு நல்ல சமையல்காரர் யார் என்று மயிலாப்பூரில் வாய்விட்டுக் கேட்கலாம். குளக்கரையில் ஒருவரைக் கேட்டால், கேட்காத நாலு பேரும் சேர்ந்து பதில் சொல்வார்கள். விவாகரத்துக்கு நல்ல வக்கீல் யார் என்று மட்டும் யாரும் அப்படிக் கேட்பதில்லை. விளக்கு வைத்த பிறகு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, "தெரிஞ்ச ஒருத்தருக்காகக் கேக்கறேன் சார்" என்பார்கள். வேலைக்காலம் முழுக்க வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அந்தத் தெரிந்த ஒருத்தர் யார் என்று முகத்தைப் பார்த்தாலே எனக்குப் புரிந்துவிடும்.

நான் சேர்ந்தது லஸ் பக்கம் ஒரு சிவில் வக்கீலிடம். பெரிய வக்கீல் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் வாழ்ந்த ஏகாம்ர நிவாஸ் இருந்த அதே லஸ் வட்டாரம்தான். பெரிய வக்கீல்களின் கதை கேட்டே வளர்ந்த குமாஸ்தாக்கள் நாங்கள். குரல் பெரிதாக இருந்தால் வக்கீலும் பெரியவர் என்று நம்பிய வயசு. கவுன் பறக்க நடக்கிறவர் பின்னால் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் அப்படி ஒரு பெருமை எனக்கு! வழக்கு ஜெயித்ததா என்று கூடக் கேட்க மாட்டேன், கோர்ட் அதிர்ந்ததா என்றுதான் பார்ப்பேன்.

விவாகரத்தெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கொண்டு வந்தது என்று பெஞ்சில் உட்கார்ந்து சொல்கிற என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நாடு முழுமைக்கும் இந்து திருமணச் சட்டம் வந்தது 1955-ல். அதற்கு முன்பே, 1949-ல், நம் சென்னை மாகாணம் இருதாரத் தடையையும் விவாகரத்தையும் சேர்த்து ஒரு சட்டம் போட்டுவிட்டது. சண்டை போட்டு நிரூபிக்காமல் இருவரும் சம்மதித்துப் பிரிகிற வழி, அந்த 13பி பிரிவு, 1955 சட்டத்தில் 1976-ல் சேர்ந்தது.

2019-ல் மந்தைவெளி நண்பர் ஒருவர் தன் பெண்ணுக்காக வந்தார். தி. நகர் மண்டபத்தில் ஊரைக் கூட்டிச் செய்த கல்யாணம். பெண் பிறந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. அதற்குள் ஒரு வக்கீலைப் பிடித்து வக்காலத்தும் போட்டாயிற்று. தாத்தா சொத்தின் பாகப்பிரிவினையை நடத்திக் கொடுத்தவர். நல்ல மனிதர், நிலத்தில் கெட்டிக்காரர். ஆனால் குடும்ப நீதிமன்றத்துப் படி ஏறிப் பழக்கமில்லை. ஜூனியர் கையில் மனுவைக் கொடுத்தனுப்ப, கல்யாணப் பத்திரிகை வைக்கவில்லை, விலாசத்துக்குச் சான்று இல்லை என்று அது ரிட்டர்ன் ஆகிக்கொண்டே இருந்தது. வழக்குக்கு ஓ.பி. நம்பர்கூட விழவில்லை. "நம்ம குடும்பத்துக்குத் தெரிஞ்சவர் சார், வெளியில விஷயம் போகாது" என்றார் நண்பர். வக்கீல் தேடும்போது திறமையைவிட வாய்க்கட்டுப்பாட்டைத் தேடுகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த வக்கீலானாலும் கட்சிக்காரர் ரகசியத்தைக் காத்தே ஆக வேண்டும். அதற்காகத் தெரிந்தவரைத் தேட வேண்டியதில்லை.

அடுத்து பாண்டி பஜார் பக்கம் ஒரு ஆபீஸ். நல்ல குளிர்ச்சி, நல்ல நாற்காலி. அங்கே இருந்தவர் பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, "ஆறே மாசம். பையன் வீட்டையே உள்ளே தள்ளிடலாம்" என்றாராம். ஃபீஸ் பற்றிக் கவலை வேண்டாம், வருகிற தொகையில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றும் சொல்லியிருக்கிறார். நண்பர் முகத்தில் ஒரு மாசமாக இல்லாத தெம்பு. வழக்கின் பலனில் பங்கு பேசி ஃபீஸ் வாங்குவது பார் கவுன்சில் விதிப்படியே கூடாது என்றேன். அது அவர் காதில் ஏறவில்லை. பையன் வீடு உள்ளே போகும் என்ற பேச்சில் இருந்தார்.

அப்படி உள்ளே தள்ள வேண்டிய வீடுகள் இல்லாமல் இல்லை. ஆயிரம் விளக்கில் 1992-ல் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தபோது, இனிமேல் பெண்கள் குடும்ப மானத்தை ஸ்டேஷனில் கொண்டு வைப்பார்கள் என்று எங்கள் ஆபீசிலேயே சிரித்தவர்கள் உண்டு. அடிபட்டு வந்த பெண்களைப் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. ஆனால் இந்தப் பெண் விஷயத்தில் அடியும் இல்லை, மிரட்டலும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். இல்லாத அடியை மனுவில் எழுதினால், குறுக்கு விசாரணையில் அதற்குப் பதில் சொல்லி நிற்கப் போகிறவள் அவள்தான். வக்கீலும் இல்லை, அப்பாவும் இல்லை.

நான் அனுப்பியது அடையாறு காந்தி நகரில் மாடி அறையில் இருந்த ஒரு பெண் வக்கீலிடம். பெரிய பெயரெல்லாம் இல்லை. கோர்ட் தாழ்வாரத்தில் அவரைப் பார்த்திருக்கிறேன். வழக்கைக் கூப்பிடும்போது தானே வந்து நிற்பார். வெளியே வந்ததும், உள்ளே என்ன நடந்தது, அடுத்த வாய்தா எதற்கு என்று கட்சிக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கோர்ட்டுக்குப் போவார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நண்பர் பெண்ணோடு போய் உட்கார்ந்து, கல்யாணச் செலவிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்பா கொஞ்சம் வெளியில் இருக்கட்டும்" என்றாராம். அன்று ராத்திரி என்னிடம் குதித்தார் மனிதர். "பணம் கொடுக்கறவன் நான், என்னைப் படியில உட்கார வெக்கறாங்க!"

உள்ளே நடந்ததைப் பெண் பிறகு சொன்னாள். "உனக்கு என்ன வேணும்மா? நகை வரணுமா, பணமா, சீக்கிரம் முடியணுமா, இல்ல அவர் கஷ்டப்படணுமா?" என்று கேட்டிருக்கிறார். அதுவரை அவளிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. நகைக்குப் பட்டியல், பில், போட்டோ கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். கோபத்தில் போன் மெசேஜ் எதையும் அழித்துவிடாதே என்றிருக்கிறார். எத்தனை மாசம் ஆகும் என்றதற்கு, எதிர்த்தரப்பு என்ன செய்யும் என்று தெரியாமல் கணக்குச் சொல்ல மாட்டேன் என்று மறுத்துவிட்டார். எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு ஃபீஸ் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

அப்பாவை வெளியே உட்கார வைத்ததற்குக் காரணம் இருந்தது. 1984-ம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில், அந்தக் கோர்ட்டில் வக்கீல் வைத்துக்கொள்வது யாருக்கும் உரிமை இல்லை என்று எழுதியிருக்கிறது. கோர்ட் அனுமதிக்க வேண்டும். பெரும்பாலும் அனுமதிப்பார்கள், ஆனால் கவுன்சலிங்கில் ஆலோசகர் முன்னால் பேச வேண்டியவர்கள் புருஷனும் பெண்டாட்டியும்தான். ஒரு தரப்பு கேட்டால் விசாரணையே கதவு மூடித்தான் நடக்கும். எப்படியும் அப்பா வெளியில்தான். தன் வாயால் தன் கதையைச் சொல்லத் தெரியாத பெண்ணை அங்கே கொண்டு போய் நிறுத்த அந்த அம்மாவுக்கு மனசில்லை.

பழைய வக்கீலிடமிருந்து கேஸ் கட்டை வாங்க நண்பர் தயங்கினார். ஃபீஸ் பாக்கி இருக்கிறதே, தராவிட்டால்? பாக்கிக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. ஆனால் சட்டம் பேசிக்கொண்டு போகாதீர்கள், பாக்கியைக் கொடுத்துவிட்டு ஒரு நமஸ்காரமும் சொல்லுங்கள் என்றேன். பழைய வக்கீலும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டு, பெண்ணை விசாரித்து அனுப்பினார்.

ஹைகோர்ட் வளாகத்திலேயே குடும்ப நீதிமன்றம், அங்கேயே 2005-ல் தொடங்கிய சமரச மையம். மத்தியஸ்தர் முன்னால் நகைப் பட்டியலை வைத்துப் பேசிப் பேசி, கடைசியில் இரண்டு பேரும் சம்மத மனுவுக்கு வந்தார்கள். சம்மத மனுவுக்கு உள்ள ஆறு மாசக் காத்திருப்பைக் கோர்ட் விரும்பினால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதற்கும் அந்த அம்மா மனுப் போட்டார், கிடைத்தது.

இப்போது பேரப்பிள்ளைகள் போனில் தட்டி வக்கீல் தேடுகிறார்கள். முதலில் வருகிற பெயர் முதல் தரமான பெயர் என்று ஒரு நம்பிக்கை. நான் குரலை நம்பியதுபோலத்தான் இதுவும்! வக்கீல்கள் விளம்பரம் செய்து வேலை தேடக் கூடாது என்பது பழைய விதி. இணையதளங்கள் வழியாக அப்படிச் செய்கிறவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் நம் ஹைகோர்ட்டே பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டது. என்னைக் கேட்டால் ஒரு முற்பகல் குடும்ப நீதிமன்றத் தாழ்வாரத்தில் போய் நில்லுங்கள் என்பேன். யார் வழக்குக்கு யார் வருகிறார், யார் ஜூனியரை அனுப்பி வாய்தா வாங்குகிறார், எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மெட்ரோ ஹைகோர்ட் வாசல் வரை போகிறது.

ஃபீஸ் கட்ட முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 1987-ம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்ணாக இருந்தாலே போதும், வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இலவச வக்கீல் என்றதும் மந்தைவெளி வீடுகளில் முகம் சுளிப்பார்கள். காசு வாங்கிக்கொண்டு வாய்தாவுக்கு வராதவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

தீர்ப்பு வந்த அன்று பெண் போன் செய்தாள். "முடிஞ்சுது மாமா." எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, குமாஸ்தா புத்திதான் முன்னால் வந்தது. சான்றிட்ட நகலுக்கு இன்றைக்கே மனுப் போடு, ஒன்றுக்கு இரண்டாக வாங்கு, பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றக் கேட்பார்கள், பாங்கில் கேட்பார்கள் என்றேன். "அவங்க மூணு வாங்கச் சொல்லிட்டாங்க மாமா" என்றாள்.