கம்ப்யூட்டர் தப்பா சொல்லுமா?

கொஞ்சம் நீளமான த்ரெட். மருத்துவப் பதிவு இல்லை, ஆனா நடுவுல பிளேட்லெட் வரும்.

அக்கா திருச்செங்கோடு பக்கம் ஒரு அரசுப் பள்ளியில அறிவியல் டீச்சர். ஒருநாள் நைட் டியூட்டி முடிஞ்சு வந்து உக்காந்திருந்தேன். "டேய் தம்பி, நீதான் லேப்டாப்ல எதையாச்சும் நோண்டிட்டே இருப்பியே, என் பசங்களுக்கு வாராவாரம் குவிஸ் போடுற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுடா"ன்னு சொல்லுச்சு.

கூகுள் ஷீட்ல கேள்விகளைக் கொட்டி வெச்சா, அதுவே பத்து கேள்வி எடுக்கும், விடைகளைக் கலைச்சுப் போடும், திருத்தி மார்க்கும் போடும். ஒரு வாரத்துல எழுதிட்டேன். நாலு விடையை 24 விதமா அடுக்கலாம், பக்கத்துல எட்டிப் பாக்க முடியாதுன்னு பெருமை வேற. முதல் குவிஸ்லயே 'மேற்கண்ட அனைத்தும்' முதல் விடையா வந்து நின்னுது. மேல ஒண்ணுமே இல்லை!

அக்காவோட பழைய கேள்வித்தாள் எல்லாம் பாமினி எழுத்துரு. காப்பி பண்ணி ஒட்டினா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா வருது. எங்க ஊர்ல ரிக் லாரிக்கு எந்த ஸ்பேர் வேணும்னாலும் கிடைக்கும், இதுக்கு ஆள் கிடைக்காது. நானே உக்காந்து மாத்தினேன்.

உண்மையான சிக்கல் ஒரு வார்த்தை விடையில வந்தது. டெங்குவைப் பரப்புவது எது? கொசு. இந்த 'கொ'வை கம்ப்யூட்டர் ரெண்டு விதமா வெச்சுக்கும். க-வுக்கு அப்புறம் ஒகரக்குறி ஒண்ணா இருக்கலாம், இல்ல ஒற்றைக்கொம்பு தனி, கால் தனின்னு இருக்கலாம். திரையில ஒரே மாதிரி தெரியும், ஒப்பிட்டா வேறன்னு சொல்லும். இதுக்கு 'நார்மலைஸ்'னு ஒரு வரி போதும். சோதிச்சப்பவே பிடிச்சுட்டேன். அதோட முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

அடுத்த வாரம் ஏழாம் வகுப்புக்கு, பறக்கும் பாலூட்டி எது? ஒரு பொண்ணுக்கு பத்துக்கு ஒன்பது. "மிஸ், நான் வௌவால்னு சரியாத்தான் அடிச்சேன்"னு எந்திரிச்சு நின்னிருக்கா. அக்கா திரையைக்கூடப் பாக்காம, "கம்ப்யூட்டர் தப்பா சொல்லுமா, உக்காரு"ன்னு சொல்லிருக்கு. புள்ள அழுதுட்டாளாம்.

ராத்திரி அந்த விடையை எழுத்தெழுத்தாப் பிரிச்சுப் பாத்தேன். ஔகாரக்குறியோட வலது பாதி அப்படியே 'ள' மாதிரி இருக்கும். அவ கொம்பு போட்டு, தனியா 'ள' அடிச்சிருக்கா. பெரியவங்களே நிறையப் பேர் அப்படித்தான் அடிக்கிறாங்க. யூனிகோடுக்கு ரெண்டும் வேற வேற எழுத்து, நார்மலைஸ் பண்ணாலும் சேராது. புள்ள மேல தப்பே இல்லை. என் புரோகிராம்தான் தப்பு.

எனக்கு உறுத்தினது வேற. காய்ச்சல் சீசன்ல, கவுண்டர் மெஷின் பிளேட்லெட் 30,000ன்னு சொல்லும். குழந்தை வார்டுல ஓடி விளையாடிட்டு இருக்கும். உடனே நம்பிட மாட்டோம். ஸ்மியர் போட்டு மைக்ரோஸ்கோப்ல பாக்கச் சொல்வோம். சிலருக்கு ட்யூப்ல இருக்குற ஈடிடிஏவால பிளேட்லெட் கட்டிகட்டியா ஒட்டிக்கும், மெஷினுக்கு எண்ணத் தெரியாது. ஆஸ்பத்திரியில இத்தனை சந்தேகப்படுற நான், நானே எழுதின மெஷினுக்கு ஸ்மியர் பாக்க வழி வைக்கலை.

இப்ப மாத்திட்டேன். ஒரு வார்த்தை விடை பொருந்தலைன்னா தப்புன்னு போடாது. 'மிஸ் பாக்கணும்'னு தனிப் பத்தியில நிறுத்தும். அக்காவுக்கு வாரம் அஞ்சு நிமிஷம் கூடுதல் வேலை, அதுக்கு எனக்கு வசவும் உண்டு. அந்தப் பொண்ணுக்குப் பத்துக்குப் பத்து போட்டு, கிளாஸ் முன்னாடியே "நீ சொன்னதுதான் சரி"ன்னு அக்கா சொல்லிருச்சு.

போன வாரம் அந்தப் பத்தியில ஒரு பையன் 'வவ்வா'ன்னு அடிச்சிருந்தான். அக்கா கொஞ்ச நேரம் பாத்துட்டு அவனுக்கும் மார்க் போட்டுச்சு.