கழற்றிய கூரையும் அறுத்த கூரையும்

சாயங்கால நேரம். திருமானூர் கொள்ளிடப் பாலத்தில் மேலே கூரை இல்லாத ஒரு பழைய கார் மெதுவாகப் போகிறது. பின்னால் தஞ்சாவூர் போகும் பஸ் ஹாரன் அடிக்கிறது. ஓட்டுகிறவருக்கு அது காதில் விழவே இல்லை, முகத்தில் ஆற்றுக் காற்று! இந்த மாதிரி ஆசை யாருக்காவது வந்தால் சீமைக் காரைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம் மெட்ராஸ் பக்கமே செய்த கார் ஒன்று இருக்கிறது: ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

அம்பாசடரும் ஃபியட்டும் ரோட்டை ஆண்ட காலத்தில் மூன்றாவதாக நின்ற கார் இது. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961-லிருந்து 1971 வரை இதைத் தயாரித்தது. 948 சிசி எஞ்சின். மூலம் பிரிட்டனில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டு. வடிவமைத்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். வண்டலூர் கம்பெனி 1980-களின் கடைசியில் கார் தயாரிப்பதை நிறுத்திவிட்டது.

இந்தக் காரில் ஒரு விசேஷம் உண்டு. பிரிட்டனில் இதைத் திட்டமிட்ட சமயத்தில், பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய வழியில்லை. அதனால் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, தனி சேசிஸ் மேல் போல்ட் போட்டு மாட்டினார்கள். கஷ்டத்தில் பிறந்த யோசனைதான்! ஆனால் அதனால்தான் இரண்டு கதவு ஹெரால்டின் கூரையை ஸ்பேனர் வைத்தே கழற்றிவிடலாம். மறுபடி மாட்டவும் செய்யலாம்.

எனவே 'ஓப்பன் ஹெரால்டு விலைக்கு வருகிறது' என்று யாராவது சொன்னால், விலை கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான். கூரையைக் கழற்றினார்களா, அறுத்தார்களா?

பொறுமை இல்லாதவர் கட்டிங் மெஷினை எடுத்துவிடுவார். முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பையும், பின்பக்கம் கூரை உட்காரும் இடத்தையும் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். போல்ட் ஓட்டை இருந்தால் பிழைத்தோம். வெல்டிங் தழும்பு இருந்தால், பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் யோசிக்க வேண்டும்.

ஏன் என்றால், சட்டம். 2021 ஜூலையில் மத்திய அரசு பழமையான வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாமல், பிறந்தபடியே இருக்க வேண்டும். 1971-ன் கடைசி ஹெரால்டுக்கும் இப்போது 50 வயது தாண்டிவிட்டது. வயதுத் தேர்வில் எல்லா ஹெரால்டும் பாஸ். ஆனால் கூரையை அறுத்த வண்டியை 'பிறந்தபடியே' என்று எப்படிச் சொல்வது? போதாததற்கு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஆர்.சி. புக்கில் சலூன் என்று இருக்கும். எதிரில் நிற்பதோ திறந்த வண்டி! கழற்றி மாட்டும் கூரை என்றாலும், அரியலூர் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஸ்பேனரைத் தொடுவது நல்லது.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பழமைப் பதிவில் போன வண்டியை தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்று சில காரணங்களுக்கு மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம். திருவையாறு போய் காய்கறி வாங்கி வரலாம் என்று கனவு கண்டவருக்கு அது சரிப்படாது. அலங்காரமா, ஓட்டமா என்று முதலிலேயே முடிவெடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது செலவு. பெயின்ட் வேலைதான் எல்லோர் கண்ணிலும் படும். பணத்தை விழுங்குவது சேசிஸ். ஹெரால்டில் பக்கவாட்டில் நீளும் சேசிஸ் கைகள் முதலில் துருப்பிடிக்கும். ஓரத் தகடுகள் போல்ட்டில் நிற்பவை, அவை போனால் மாற்றிக்கொள்ளலாம். சேசிஸ் போனால் எல்லாம் போச்சு. ஆகவே முதலில் சேசிஸ், அப்புறம் பிரேக், அப்புறம் எஞ்சின், கடைசியில்தான் பெயின்ட். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள் புதுப் பெயின்டைச் சுரண்டி வெல்டிங் வைத்திருக்கிறார்கள்.

பாடியைத் தூக்குவதற்கு முன் கதவு இடைவெளியில் இரும்புக் கம்பி வைத்துக் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் பாடி வளைந்து, கடைசியில் கதவு சாத்தாது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர் பக்கம் டிங்கருக்கும் வெல்டருக்கும் பஞ்சமில்லை. லேத் வேலைக்குத் திருச்சி இருக்கிறது. பழைய சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டை. அதிலும் கிடைக்காததை பிரிட்டனிலிருந்து வரவழைக்கலாம். அங்கே 5 லட்சத்துக்கு மேல் ஹெரால்டு செய்ததால் உதிரி பாகம் இன்னும் புதிதாகவே விற்கிறார்கள்.

போட்ட பணம் திரும்பி வருமா? பெரும்பாலும் வராது. அதை லாப நஷ்டக் கணக்கில் எழுதினால் தூக்கம் போய்விடும். ஆனால் ஒரு கணக்கு மட்டும் சரியாக இருக்கலாம்: அடுத்து வாங்குகிறவர் எதையும் இழக்கக் கூடாது. கழற்றிய கூரை கொட்டகையில் துணி போர்த்திப் பத்திரமாக இருக்கட்டும். அதன் போல்ட்டுகள் எண்ணெய் தடவி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில், எது எந்த இடத்துக்கு என்று சீட்டு எழுதி ஒட்டி. ஐம்பது வருடம் கழித்து யாராவது அந்த மூடியைத் திறந்தால், ஒன்றுகூடக் குறையக் கூடாது.