பாட்டிக்கும் ஒரு டிக்கெட்

திருவாண்டார்கோயிலில் அந்தக் குடும்பம் முதன்முறையாகத் தீம் பார்க் கிளம்புகிறது. ஈஞ்சம்பாக்கம் விஜிபிக்கு. விடிகாலையில் புதுச்சேரி பஸ், அங்கிருந்து ஈ.சி.ஆர் வழியாகச் சென்னைப் பக்கம்.

அப்பா நோட்டில் கணக்குப் போட்டார். பஸ், டிக்கெட், டிபன், சாப்பாடு... கூட்டல் உதைத்தது.

"மூட்டுவலிக்காரி நான் எந்த ராட்டினத்துல ஏறப்போறேன்? நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றார் பாட்டி.

கதவு நிலையில் மகளின் உயரத்தை அளந்துகொண்டிருந்தார் அம்மா. சில ராட்டினங்களில் குறிப்பிட்ட உயரம் இருந்தால்தான் ஏற்றுவார்கள்.

"நானும்தான் பாதியில ஏற முடியாது பாட்டி. அங்க சிலை மனுஷன் இருக்காராம். யார் என்ன பண்ணாலும் சிரிக்க மாட்டாராம். நீ வந்து சிரிக்க வை!"

பாட்டி சிரித்துவிட்டார். அப்பா 'ஹோட்டல் டிபன்' என்பதை அடித்துவிட்டு, 'புளிசாதம்' என்று எழுதினார். டிக்கெட் நான்கு, நான்காகவே இருந்தது.