மூக்கைப் பிடிக்காமல் ஒரு கூவம் சவாரி

கூவம் என்றவுடனே கைக்குட்டையைத் தேடுகிறீர்கள் அல்லவா? சற்றுப் பொறுங்கள். அதே கூவத்தின் கரையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றால் நம்புவீர்களா?

பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவே நெமிலிச்சேரி என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலையின் முதல் பகுதி 2014-ல் இந்த ஊர் வரையில்தான் திறக்கப்பட்டது. அந்தச் சாலையில் தெற்கே திரும்பினால் கூவத்தின் மேல் ஒரு பாலம் வரும். அதற்கு முன்பே சர்வீஸ் ரோட்டில் இறங்கி, ஊர்க்காரர் யாரையாவது கேளுங்கள்; கரைக்குப் போகும் மண் பாதையைக் காட்டுவார்.

ஜீப் வேண்டுமோ என்று கவலை வேண்டாம். மழை ஓய்ந்து தரை காய்ந்த தை, மாசி மாதங்களில் வீட்டுக் காரே போதும். சின்ன கியரில் நிதானமாகப் போகவேண்டும். ஆற்று மணலில் மட்டும் வண்டியை இறக்காதீர்கள். சக்கரம் புதைந்தால், சாப்பிட்ட புளியோதரையெல்லாம் வண்டி தள்ளுவதற்கே சரியாகிவிடும்! ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கமே வேண்டாம். 2015-ல் கூவம் பெருக்கெடுத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டடித் தண்ணீர் வேகமாக ஓடினாலே காரை அடித்துக்கொண்டு போய்விடும்.

கரையில் நாணலும் கொக்குமாக இருக்கும் இந்த ஆற்றின் பிறப்பு வளர்ப்பு என்ன தெரியுமா? கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரிந்து, கூவம் என்ற ஊர் வழியாக வருகிறது. சம்பந்தர் பாடிய திருவிற்கோலம் அந்த ஊர்தான். ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் இதன் தண்ணீரைச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்பிவிடுகிறார்கள். அந்த ஏரித் தண்ணீர்தானே சென்னைக் குழாய்களில் வருகிறது? ஆகவே, இன்று காலை நீங்கள் போட்ட காப்பியிலும் கூவம் ஒரு மிடறு இருந்திருக்கலாம்!

பருத்திப்பட்டு அணைக்கட்டு வரைக்கும் ஆறு அதிகம் கெடவில்லை. அதைத் தாண்டியதும்தான் சாக்கடையும் குப்பையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. திரும்பும்போது திருவேற்காட்டில் கருமாரியம்மனைத் தரிசித்துவிட்டு, ஆற்றையும் ஒரு நிமிஷம் பாருங்கள்.

"இது வேறே ஆறா, அம்மா?" என்று குழந்தை கேட்கும்.

"அதே ஆறுதான், கண்ணே. நடுவிலே நம் வீடுகள் வந்துவிட்டன" என்று உள்ளதைச் சொல்லுங்கள். புளியோதரை கட்டிய இலையையும் காகிதத்தையும் மறக்காமல் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.