சுகாவுக்குக் கிடைத்த இடம்

பத்தாம் வகுப்புக்கு அப்புறம் தமிழ்ல இவ்வளவு நீளமா நான் எழுதுறது இதுதான் முதல் தடவை. ரூம்மேட்டை ஒற்றுப்பிழை பார்க்கச் சொல்லியிருக்கேன். அதையும் மீறித் தப்பு இருந்தா மன்னிச்சுடுங்க.

போன வருஷம் செமஸ்டர் லீவுல அக்காவைப் பார்க்க இங்கிலாந்து போனேன். அவ சவுத்தாம்ப்டன்ல நர்ஸ். அவளுக்கு டியூட்டி இல்லாத ஒரு நாள், "குதிரை பார்க்கலாம் வாடா"ன்னு ப்ராக்கன்ஹர்ஸ்ட்டுக்கு ரயில்ல கூட்டிட்டுப் போனா. நியூ ஃபாரஸ்ட் காட்டுக்குள்ள இருக்கிற கிராமம். நம்ம ஊர்ல மாடு திரியற மாதிரி அங்க மட்டக்குதிரைகள் ரோட்டுல திரியுது. கார்தான் நின்னு வழிவிடுது. அந்த ஊர்ல ஒரு தெருவுக்குப் பேர் 'மீரட் ரோடு'. உத்தரப் பிரதேசத்து மீரட்டுக்கு இங்க என்ன வேலை?

காரணம் முதல் உலகப் போர். 1914 கடைசியில லாகூர், மீரட் டிவிஷன்கள் பிரான்சுல சண்டை போட்டுக்கிட்டு இருந்தன. காயம்பட்ட இந்திய வீரர்களைக் கப்பல்ல கொண்டுவந்து இந்தக் கிராமத்துல வெச்சு வைத்தியம் பார்த்திருக்காங்க. அப்படி நடந்த மருத்துவமனைகள்ல ஒண்ணு லேடி ஹார்டிங்கே மருத்துவமனை. பின்னாடி இதே ஊருக்கு நியூசிலாந்து வீரர்கள் வந்தாங்க.

செயின்ட் நிக்கோலஸ் சர்ச் ஊரை விட்டுத் தள்ளி ஒரு மேட்டுல இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு மேல வயசான யூ மரம் ஒண்ணு வாசல்ல நிக்குது. கல்லறைத் தோட்டத்துல 93 நியூசிலாந்து வீரர்கள் வரிசையா அடக்கமாகி இருக்காங்க. வருஷா வருஷம் ஏப்ரல் 25-ஐ ஒட்டி வர்ற ஞாயித்துக்கிழமை அவங்களுக்காக வழிபாடு நடக்குது.

அதே தோட்டத்துல ஒரு கல்லுல மட்டும் நிறைய எழுத்து. குனிஞ்சு படிச்சேன். பேர் சுகா. ஊர் பரேலி. வயசு 30. இறந்த நாள் 12 ஜனவரி 1915. லேடி ஹார்டிங்கே மருத்துவமனையில ஊழியர். அவர் கிறிஸ்தவர் இல்ல, ஆனா மத்தவங்க நலனுக்காக உயிரைக் கொடுத்தார்னு எழுதியிருக்கு. கல்லை வெச்சது இந்த ஊர் சபை மக்கள்.

திரும்பி வர்ற ரயில்ல ஃபோன்ல தேடினேன். சுகா ஒரு துப்புரவுத் தொழிலாளி. தீண்டத்தகாதவர்னு ஒதுக்கப்பட்டவர். அவர் இறந்தப்போ நடந்ததா இன்னிக்கும் சொல்றது இதுதான்: நம்ம ஜாதி இல்லைன்னு இந்துக்கள் தங்களோட சேர்த்து எரிக்க ஒத்துக்கலை. முஸ்லிம் இல்லைன்னு வோக்கிங்ல இருந்த முஸ்லிம் கல்லறையிலயும் இடம் தரலை. கடைசியில ப்ராக்கன்ஹர்ஸ்ட் பாதிரியார், "எங்க தோட்டத்துல புதைச்சுக்கலாம்"னு சொல்லியிருக்கார்.

வெள்ளைக்காரன் நல்லவன்னு சொல்ல நான் இதை எழுதலை. ராஜாவுக்கும் சாம்ராஜ்யத்துக்கும் சேவை செய்ய வந்தவர்னு அந்தக் கல்லுலயே இருக்கு. சுகாவை அவ்வளவு தூரம் கொண்டுவந்ததே அந்த ராஜாவோட போர்தான். ஆனா அதே கப்பல்ல ஜாதியும் ஏறி, கடல் தாண்டி இறங்கியிருக்கே, அதை யார் மேல போடுறது?

எங்க ஊருக்கு வர்றேன். நான் செகண்ட் இயர் படிக்கும்போது தாத்தா இறந்தார். எங்க சுடுகாட்டுக்கு சிமென்ட் ரோடு, தகர ஷெட், அடிபம்பு எல்லாம் உண்டு. எங்க வயல்ல ரொம்ப வருஷம் வேலை பார்த்த ஒருத்தர்தான் அன்னிக்கு முன்னாடி நின்னு எல்லாக் காரியமும் செஞ்சார். அடுத்த மழைக்காலத்துல அவர் இறந்தார். அவரை வேற வழியில கொண்டு போனாங்க. வாய்க்கால்ல இறங்கி, வரப்புல நடந்து, சேத்துல கால் புதையப் புதையத் தூக்கிட்டுப் போனதை எங்க மாடியில நின்னு பார்த்தேன். "ஏம்ப்பா இந்தப் பக்கம் கொண்டு வரலை?"ன்னு கேட்டேன். "அவங்க இடம் அந்தப் பக்கம்டா"ன்னார் அப்பா. நானும் அதோட விட்டுட்டேன். சிவில் படிக்கிறேன், சர்வே கேம்ப்ல லெவல் எடுக்கிறேன். எங்க ஊர்ல ரோடு எந்த இடத்துல நின்னு போச்சுன்னு மட்டும் எனக்குக் கண்ணுல படலை.

இங்கிலாந்துல சர்ச் தோட்டத்துல இருக்கிற ஒரு கல்லை நகர்த்தணும்னாலும் திருமண்டல அனுமதி வேணும். போர்க் கல்லறைகளைப் பார்த்துக்கத் தனியா ஒரு ஆணையமே இருக்கு. நூறு வருஷம் தாண்டியும் சுகாவோட பேர், ஊர், வயசு எல்லாம் பத்திரமா இருக்கு. நான் மாடியில நின்னு பார்த்தவரோட பேர்?

யோசிச்சுப் பார்த்தேன், எனக்குத் தெரியலை. தெருப்பேர் சொல்லியும், "ஏய், இங்க வா"ன்னும்தான் வீட்டுல கூப்பிடுவாங்க. என்னை விட நாப்பது வயசு பெரியவரை நானும் சின்ன வயசுல "வா, போ"ன்னுதான் பேசியிருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு ஃபோன் பண்ணி, "அவர் பேர் என்னப்பா?"ன்னு கேட்டேன். எதுக்குன்னு கேட்டார். சும்மா சொல்லுங்கப்பான்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "இரு, அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்"னார். அம்மாவுக்கும் தெரியலை.

பொங்கலுக்கு ஊருக்குப் போறேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர் பையன் வீடு இருக்கு. நானே போய்க் கேட்கணும்.